தெள்ளு நிற்கும் நேரம்

ரத்தக்காட்டேரி ஒருவன் குடியிருக்கும் கோட்டைக்குள் சாட்டையோடு நுழைந்து, தளம் தளமாக ஏறி, உச்சியில் அவனை அடித்து வீழ்த்த வேண்டும். அதுதான் விளையாட்டு. பழைய வீடியோ கேம். ஒன்றோடு நிற்கவில்லை, அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் அதே கோட்டை, அதே இருட்டு, சுவரில் அதே மெழுகுவத்தி. எல்லாவற்றிலும் ஒரு குள்ளனும் இருப்பான். கூன் முதுகு, கந்தல் துணி, மடங்கிய முட்டி. அவனுக்கு நடக்கத் தெரியாது, தத்த மட்டுமே தெரியும். சிறிதாக ஒன்றிரண்டு தத்து, திடீரென்று நம் தலைக்கு மேல் ஒரு தத்து, பிறகு முதுகுப் பக்கம் வந்து ஒரு இடி. காட்டேரியிடம் செத்தவர்களைவிட இந்தக் குள்ளனிடம் செத்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

சரவணம்பட்டியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவனுக்குத் தெள்ளு என்று பெயர். நாயின் மேல் இருக்குமே, பிடிக்கப் போனால் துள்ளிவிடுமே, அதே தெள்ளு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அந்தப் பழைய விளையாட்டுகளை இன்றைய இயந்திரங்களில் ஓடும்படி மாற்றி மறுபடி விற்கத் தீர்மானித்திருந்தது. மாற்றியதில் எதுவும் கெட்டுவிடவில்லையே என்று ஆடிப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. “நாள் முழுக்க வெளையாடறதுக்குச் சம்பளங்களா?” என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். ஒரே கதவைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை திறந்து மூடிப் பார்த்தவனுக்குத்தான் அது என்ன விளையாட்டு என்று தெரியும்.

குழுவில் மற்றவர்கள் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். நான் நாற்பதைத் தாண்டியவன். காரமடையில் வைத்திருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையை மூடிவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவன். வேலையைப் பிரித்தபோது ஆளாளுக்குப் பெரிய எதிரிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தெள்ளு என் தலையில் விழுந்தான். அதுவும் ஒரு விளையாட்டில் அல்ல, வரிசை முழுவதிலும். “அண்ணனுக்குத்தாங்க பொறுமை ஜாஸ்தி” என்றார்கள். ஒருவனைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தால், யாருக்கும் வேண்டாத வேலை ஒன்று அவனைத் தேடி வருகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கேஸ்காரனுக்குக் காத்திருப்பதும் நான், மாமனாரின் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நான்.

தெள்ளு தத்தும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வலது கட்டைவிரலுக்கு உரிய பொத்தான். மாதக்கணக்கில் அழுத்தியதில் விரல் தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் பாட்டில் மூடியைத் திருகும்போது வலித்தது. பிறகு சட்டைப் பித்தான் போடும்போது. அப்புறம் ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் முழங்கை வரை சுளீரென்றது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, காரமடையிலிருந்து துடியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து சரவணம்பட்டிக்கு இன்னொரு பஸ் என்று மாறினேன். டாக்டர் விரலை மடக்கிப் பார்த்தார். “ஜவ்வு வீங்கியிருக்குதுங்க. இந்த வெரலை வெச்சு இனி அந்த வேலை ஆகாதுங்க. ரெஸ்ட் குடுங்க” என்று மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்தார்.

ரெஸ்ட் கொடுத்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கட்டைவிரல் போனவனை வைத்துக்கொண்டு அந்த அலுவலகம் என்ன செய்யும்? இந்த வயதில் என்னை வேறு யார் கூப்பிடுவார்கள்? விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதனால் பட்டையை வீட்டில் கட்டிக்கொள்வேன், துடியலூரில் பஸ் மாறும்போது கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும். காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, “பாத்துப் போங்க” என்பாள்.

அலுவலகத்தில் கன்ட்ரோலரை மடியில் கைக்குட்டை மேல் வைத்து, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் பொத்தானைத் தட்டப் பழகினேன். மேசைக்குக் கீழே நடப்பது யார் கண்ணிலும் படவில்லை. அண்ணன் சாவகாசமாக ஆடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விரலுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் போய்ச் சேரும். ஆகவே தெள்ளு அந்தரத்தில் இருக்கும்போது அடிப்பதை விட்டுவிட்டேன். தத்திக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டு, அவன் தரையில் இறங்கி நிற்கும்போது அடித்தேன். ஆமாம், அவன் நிற்பான். அடுத்த தத்துக்கு முன்னால் மூச்சு வாங்குகிற மாதிரி கொஞ்சம் நிற்பான். வேகமாக ஆடுகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. நான் அதை நம்பித்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒவ்வொரு விளையாட்டாகத் தாண்டி வந்தவன், ஒன்றில் மணிக்கூண்டுப் படிகளில் மாட்டிக்கொண்டேன். அங்கே வரும் தெள்ளு முதலில் ஒன்றிரண்டு தடவை சாட்டைக்கு எட்டாத தூரத்தில் நின்றான், பக்கத்தில் வந்த பிறகு நிற்கவில்லை. காலைத் தரையில் வைத்த மாத்திரத்தில் மறுபடி கிளம்பினான். நான் அடித்தது எல்லாம் காற்றில் போயிற்று. படியிலிருந்து விழுந்தேன், மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். பிழை விளையாட்டில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் விரல்தான் இன்னும் மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். உடம்பு கெட்டவனுக்கு எல்லாமே தன் உடம்பின் குற்றமாகத்தான் தெரியும். பல நாட்கள் அந்தப் படியிலேயே செத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் பேசப் பிடிக்காது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விளையாட்டின் பழைய வடிவமும் ஒரு பழைய இயந்திரத்தில் அலுவலக மூலையில் இருந்தது. ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அதன் முன்னால் உட்கார்ந்தேன். அதே மணிக்கூண்டு, அதே படி, அதே மந்தமான விரல். தெள்ளு தத்தினான், இறங்கினான், நின்றான். அடித்தேன், செத்தான். அடுத்தவனும் செத்தான். எவ்வளவு நேரம் விட்டுப் பிடித்தாலும் பழைய தெள்ளு இறங்கும்போதெல்லாம் நின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குற்றம் என் விரலில் இல்லை. மாற்றி எழுதியவர்கள் எங்கோ அவனுடைய மூச்சைப் பறித்துவிட்டிருந்தார்கள்.

பிழையை எழுதி, நான் ஆடிய வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். எங்கள் குழுவுக்குத் தலைமை, அதாவது லீட், பவானி ஊரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி. அவளும் மற்றவர்களும் ஆடிப் பார்த்தார்கள். தெள்ளு வந்ததும் கட்டைவிரலால் ஒரு தட்டு, அவன் செத்தான்.

“எங்க கையில வரவே மாட்டேங்குதுங்கண்ணா” என்றாள்.

“வீடியோவுல இருக்குதே அம்மணி.”

அவள் தயங்கினாள். “அதைப் பாத்தா நீங்க லேட்டா அடிக்கற மாதிரித்தாங்க தெரியுது.”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று தோன்றும் அளவுக்கு மரியாதை. பிழை நிரூபிக்கப்படவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி திரும்பி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன், “அண்ணனுக்கும் தெள்ளுக்கும் ஏதோ ஜென்மப் பகைங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

விட்டுவிடலாம்தான். விட்டால் வேலை இருக்கும். ஆனால் அந்தப் பழைய விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கப்போகிறவர்கள் யார்? இந்தப் பிள்ளைகள் அல்ல, என் வயதுக்காரர்கள். விரல் நோகிறவர்கள். அந்தப் படியில் விழுந்துகொண்டே இருப்பார்கள், நமக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து ஒருநாள் அணைத்து வைத்துவிடுவார்கள். நானும் அதைத்தானே பல நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக மட்டும்தான் செய்தேன் என்று சொன்னால் பொய். இருக்கிற ஒன்றை இல்லை என்கிறார்களே என்ற ஆத்திரமும் இருந்தது. ஆத்திரம்தான் பாதிக்கு மேல்.

மறுநாள் லீட் தானாகவே வந்து, “ஒருக்கா ஆடிக் காட்டுங்கண்ணா. ஸ்கிரீனைப் பாத்து ஒண்ணும் புரியலைங்க, உங்க கையைப் பாக்கோணும்” என்றாள்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி, மேசைக்குக் கீழே இருந்த கையை வெளியே எடுத்தேன். மடியில் கைக்குட்டை, மடங்கிய கட்டைவிரல், அதன் அடியில் முட்டை மாதிரி வீக்கம். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பார்த்தாள். நான் ஆடினேன். தெள்ளு இரண்டு தத்து தத்தினான், நின்றான். வலது பக்கம் போனான், நின்றான். தலைக்கு மேல் தாண்டிப் பின்னால் போனான். அப்புறம் நிற்கவே இல்லை.

“நீங்க அவனை ரொம்ப நேரம் உசுரோட உடறீங்க” என்றாள் மெதுவாக. “நாங்க வந்ததும் அடிச்சுப்போடறோம். ரொம்ப நேரம் இருந்தாத்தான் கெட்டுப்போறானுங்க.” எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். “ஏனுங்கண்ணா, இந்தக் கையோடயா இத்தனை நாளா வந்துட்டிருந்தீங்க?”

“பரவால்லீங்க” என்றேன். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

பிழையை ஏற்றுக்கொண்டார்கள். என் கையையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, குடும்பத்தையெல்லாம் விசாரித்துவிட்டு, “மொதல்ல ஒடம்பைப் பாருங்க சார், கை நல்லானதும் சொல்லுங்க” என்றார்கள். டாக்டர் சீட்டைக் கேட்டார்கள். அதில் எழுதியிருப்பதைப் படித்த பிறகு யாரும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. லீட் மட்டும் குறுக்கே வந்து ஒரு வழி சொன்னாள். எழுதியவரே சரிபார்த்து மூட வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. பிழையை யார் எழுதினாரோ, திருத்தி வந்ததும் அவரே ஆடிப் பார்த்துச் சரி என்று மூட வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. “அது மூடற வரைக்கும் அண்ணன் பேரு சம்பள ரோல்ல இருக்கட்டுமே” என்றாள். சரி என்றார்கள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அந்தக் குட்டிப் பிசாசுக்காக வேலையை உட்டுப்போட்டு வந்துட்டீங்களாக்கும்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அதைக் கேட்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்புறம் அவளே பட்டையை எடுத்து வந்து கையில் கட்டிவிட்டாள்.

பட்டையோடு வீட்டில் இருந்த நாட்களில் நான் வேண்டியது ஒன்றுதான். அந்த வெளிநாட்டுக்காரர்கள் சோம்பேறிகளாக இருக்க வேண்டும். தெள்ளுவின் மூச்சை அவர்கள் திருப்பிக் கொடுக்கவே கூடாது. கொடுக்காத வரை நான் வேலையில் இருப்பவன். போன் அடித்தால் பயமாக இருக்கும். ஒருநாள் காலை போனில் லீட்தான். “திருத்தி அனுப்பிட்டாங்கண்ணா. சௌகரியப்பட்டா இன்னைக்கே வர முடியுங்களா?” வாரேன் என்றேன். இந்த முறை துடியலூரில் பட்டையைக் கழற்றவில்லை.

என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். மணிக்கூண்டுக்குப் போனேன். தெள்ளு வந்தான். அடிக்காமல் நின்றேன். அங்குமிங்கும் தத்தினான், தலைக்கு மேல் தாண்டினான், முதுகில் இடித்தான், செத்தேன். மறுபடி போனேன். இன்னும் அதிக நேரம் அவனை உயிரோடு விட்டேன். எவ்வளவு விட்டாலும் இறங்கும்போதெல்லாம் நின்றான். பழையவனைப் போலவே, ஒரு மூச்சு. ஆள்காட்டி விரல் பிந்திப் போனாலும் போய்ச் சேர்ந்தது. அவன் செத்தான்.

“எப்படிங்கண்ணா, சரியாயிருச்சுங்களா?” என்றாள் அவள், பக்கத்தில் நின்றபடி.

இன்னும் வருதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். திருப்பி அனுப்பியிருப்பாள், அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி தேடுவார்கள், எனக்கு இன்னொரு மாதம் கிடைத்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளத் தயாராக இருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“சரியாயிருச்சுங்க அம்மணி” என்றேன். என் கையாலேயே மூடினேன்.

மனசாட்சிப்படி நடந்தால் நிம்மதி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வயிறுதான் எரிந்தது. துடியலூர் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் எரிந்துகொண்டிருந்தது. விளையாட்டு இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. எந்த ஊரிலோ, வீங்கிய கட்டைவிரலோடு ஒருவன் இந்நேரம் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருப்பான். தெள்ளு இறங்கி அவனுக்காக நிற்பான், இவன் நிதானமாக அடிப்பான், நம் கை இன்னும் போய்விடவில்லை என்று சந்தோஷப்படுவான். அவன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.