கித்தேரியம்மாளின் வெறும் வயிறு

கஸ்பார் பொல்லாதவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். மலைமேல் இருக்கிற நாயுடுபுரத்துப் பேக்கரி ஒன்றில் அவனுக்கு அடுப்பு வேலை. ஊர் எழுவதற்கு முன்பே போய்விடுவான். பன்னும் ரொட்டியும் வெந்து கடைகளுக்குப் போன பிறகுதான் வீடு திரும்புவான். கை சுத்தமான ஆள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவன் மனைவி கித்தேரியம்மாளுக்குப் பத்தொன்பது வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. வயதான காலத்தில் வந்து மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை இது. உடம்பில் இன்சுலின் துளிகூட ஊறாது. காலையும் மாலையும் ஊசி போட்டால் உயிர், இல்லாவிட்டால் இல்லை. விரல் நுனியைக் குத்தி அளவு பார்க்கிற மெஷினெல்லாம் அப்போது நாயுடுபுரத்துக்கு ஏது? கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பாள். நிறம் மாறாமல் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறி ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து.

எழுபத்தேழில் உண்டான முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே துடிப்பு நின்று போயிற்று. சர்க்கரை கட்டுக்குள் இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு நாலைந்து வருஷம் ஒன்றும் தங்கவில்லை. எண்பத்திரண்டில் மறுபடி உண்டானாள். அன்றைக்கே மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டாள். பிள்ளை உயிரோடு பிறந்து ஞானஸ்நானம் பெறும்வரை தினமும் காலைப் பூசைக்கு வருவாள். பூசை முடிவில் சாமியார் கையால் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்தே பட்டினி கிடக்க வேண்டும் என்ற பழைய விதியைத் திருச்சபையே தளர்த்தி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் போதும் என்று சாமியாரே பிரசங்கத்தில் சொன்னார். அது எந்த ஊர்ப் பட்டினி என்று நினைத்துக்கொண்டாள் கித்தேரி. நேர்ந்ததை வெளியே சொன்னால் பலிக்காது என்று கஸ்பாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊசி போட்டால் அரைமணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் போட்டுவிடும். பூசைக்கு முன்னால் சாப்பிட முடியாது. அதனால் ஊசியையும் பூசைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். வயிற்றில்தான் ஒன்றுமில்லையே, சர்க்கரை எங்கிருந்து வரும்? கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பனியில் முக்காடு போட்டு மேடேறி, பூசை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜெபமாலையும் முடித்து வீடு வந்து சேர நன்றாக விடிந்து வெயில் வந்துவிடும். வந்ததும் குழாயைக் கொதிக்க வைப்பாள். செங்கல் நிறம். நாலாம் மாதமும் அப்படி, ஐந்தாம் மாதமும் அப்படி.

வேலை முடிந்து வரும் கஸ்பார் அந்தக் குழாயைத்தான் முதலில் பார்ப்பான். ஒருநாள் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினான்.

"ஏ கித்தேரி, மலைவாழைப்பழம் தின்னியா?"

"இல்லைங்க."

"பொய் சொல்லாத புள்ள. வாயெல்லாம் பழ வாசம் அடிக்கு."

"மாதா சத்தியமா ஒண்ணும் திங்கலைங்க."

"மாதாவை ஏன் இழுக்க? ஒரு புள்ளையைக் குழியில வச்சுட்டு வந்தமே, அது பத்தாதா? இதையும் தின்னே கொல்லப் போறியா?"

சொல்லிவிட்டான். பசியில் குடல் கருகிக்கொண்டிருந்தவளைப் பார்த்துத் தின்று கொல்கிறாய் என்றால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்? கித்தேரி அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்து அழுதாள். அன்றுமுதல் கஸ்பார் வீட்டுக்கு ரொட்டி கொண்டுவருவதை நிறுத்தினான். பழக்கடைக்காரியிடம் போய், என் பெண்டாட்டி கேட்டால் கொடுக்காதே என்றும் சொல்லி வைத்தான். அது தெருவெல்லாம் பரவிவிட்டது. அந்த அவமானத்தையும் பிள்ளைக்காகத்தான் தாங்கினாள்.

ஆறாம் மாதம் மலைக்குக் கீழே இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவளைப் பஸ்ஸில் கூட்டிப் போனான். டாக்டர் லீலா நறுக்கென்று பேசுகிறவர். கஸ்பார் தன் புகாரையெல்லாம் கொட்டினான். டாக்டர் அவளை வார்டில் சேர்த்து, பக்கத்திலேயே நர்ஸ் ஒருத்தியை வைத்து, ராத்திரி பூராவும் இடையிடையே ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் இருவரையும் கூப்பிட்டார்.

"உங்க மனைவி எதுவும் திருடித் தின்னலை. ராத்திரியெல்லாம் சர்க்கரை ஒழுங்கா இருந்திருக்கு. விடியற நேரத்துலதான் ஏறியிருக்கு."

"திங்காம எப்படி டாக்டரம்மா ஏறும்?"

"விடியப்போகுதுன்னா உடம்பே உள்ளேயிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்துல விடும், எழுந்து வேலை செய்யணும்ல? உங்களுக்கும் விடும், எனக்கும் விடும். நமக்கு இன்சுலின் ஊறி அதை அடக்கிடும். இவங்களுக்கு அடக்க ஆள் இல்லை. அதான் கடகடன்னு ஏறுது."

"அப்ப அந்தப் பழ வாசம்?"

"அது பழமில்லை. ஊசியும் இல்லாம சாப்பாடும் இல்லாம கெடந்தா உடம்பு கொழுப்பை எரிக்கும், அந்த வாசம்." டாக்டர் கித்தேரியின் பக்கம் திரும்பினார். "இங்க விடிஞ்சதும் ஊசி போட்டோம், கஞ்சி குடிச்சே, சர்க்கரையும் இறங்கிருச்சு, வாசமும் இல்லை. ஊசி போட வந்தப்ப கோயில் பூசை முடியட்டும்னு நர்ஸ்கிட்ட அழுதியாமே. வீட்டுல எப்ப ஊசி போடுவே?"

இனி மறைக்க இடமில்லை. தலையைக் குனிந்துகொண்டே நேர்ச்சையைச் சொன்னாள். கஸ்பாருக்கு முகம் செத்துவிட்டது. தின்கிறாள் தின்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன், அவள் இத்தனை மாதம் பட்டினி கிடந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"இப்படியே போனா போன தடவை மாதிரிதான் ஆகும்," என்றார் டாக்டர்.

"நேர்ந்ததை மீறினா மட்டும் புள்ளை பிழைக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் கித்தேரி.

டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"அந்தப் பட்டினியை நான் கெடக்கேன்," என்றான் கஸ்பார். "மாதா என்ன, ஆளு பார்த்தா கணக்கு வைக்கும்? ரெண்டு பேருக்கும் சேர்ந்த புள்ளைதானே. நீ எந்திரிச்ச உடனே ஊசியைப் போட்டுத் தின்னு. நான் பூசைக்குப் போறேன்."

மாலை ஊசியைப் படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளச் சொன்னார் டாக்டர். விடியும்போது மருந்து உடம்பில் நிற்க வேண்டும் என்றார். வீடு திரும்பிய முதல் நாள், எழுந்ததும் ஊசி போட்டுக்கொண்டு இட்லியைப் பிட்டபோது கோயில் மணி அடித்தது. கித்தேரி பாவம் செய்கிறோம் என்று கண்ணீர் வழிய வழியத் தின்றாள். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

அங்கே பேக்கரியில் கஸ்பாரின் பாடு பெரிய பாடு. முதல் பன்னைப் பிட்டு வாயில் போட்டு உப்புச் சரியா என்று சொல்வது அவன் வேலை. இப்போது சுடச்சுடப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குவான். அவனுக்குப் பதில், கூட வேலைபார்த்த நல்லசாமி ருசி பார்த்தான். ஒருநாள் உப்பே இல்லாத ரொட்டி ஊர் முழுக்கப் போய், முதலாளி இருவரையும் நிறுத்தி வைத்து ஏசினார். கஸ்பார் மணி அடித்ததும் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பூசைக்கு ஓடினான். பழக்கடைக்காரியிடமும் போனான். என் பெண்டாட்டி ஒன்றும் தின்னவில்லை, நான்தான் மடையன் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தான்.

தினமும் நீலம் வந்தது என்று கதைவிட மாட்டேன். பச்சை வந்தது, சில நாள் மஞ்சள் வந்தது. செங்கல் நிறம் அபூர்வமாயிற்று. எட்டாம் மாதம் தாண்டியபோது கித்தேரி வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரு நாழிகை அசையாவிட்டால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். நாள் நிறைவதற்குச் சில வாரம் முன்பே டாக்டர் லீலா வலி வரவைத்தார். பெண் பிள்ளை. நல்ல கனம்.

ஆனால் பிள்ளை அழவில்லை. சோர்ந்து கிடந்தது, கையும் காலும் வெடவெடவென்று நடுங்கின. கித்தேரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, எம் புள்ளைக்கு என்ன? இதுக்கும் சர்க்கரையா?"

"சர்க்கரை இல்லை. சர்க்கரை பத்தலை. இத்தனை நாள் உங்கிட்டேருந்து மிதமிஞ்சி வந்துக்கிட்டிருந்தது நின்னுபோச்சு, அதை அடக்கப் பழகின இன்சுலின் மட்டும் இதுக்குள்ள இன்னும் ஊறிக்கிட்டே இருக்கு. வெரசாக் கொடு," என்று குளுக்கோஸ் தண்ணீர் ஊற்றிய சங்கை அவள் கையில் வைத்தார்.

பத்து வருஷத்துக்கு மேலாகச் சீனியைக் கண்டாலே ஒதுங்கிப் போனவள் கித்தேரி. சங்கைப் பிள்ளையின் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவது வாயைப் பிள்ளை சப்பியது.

"குடி தாயி," என்றாள். "நல்லா இனிக்க இனிக்கக் குடி."