ஆஸ்பத்திரி நீலம்

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன். அம்பத்தூரில் நர்சிங் பயிற்சி மையம் தொடங்கப் போகிறேன் என்று காட்டுப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தான். வெப்சைட் வடிவமைப்பதுதான் என் தொழில்.

"மச்சான், செவப்பும் மஞ்சளும் போட்டு கும்முனு வெச்சுடு."

"தள்ளுபடி போடுற கடை மாதிரி ஆயிடும்டா. ஜனங்க படிக்கிறதுக்கு முன்னாடியே கலரைப் பாத்து முடிவு பண்ணிடுவாங்க" என்றேன்.

வெளிர்நீலமும் வெள்ளையும் வைத்துக் காட்டினேன். அவன் எழுதிக் கொடுத்ததில் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. ஆனாலும் பல வருடம் நடந்துவரும் ஆஸ்பத்திரி ஒன்றின் பக்கம் போலவே இருந்தது.

"எனக்கே அட்மிஷன் போடணும்னு தோணுது மச்சான்!" என்று சிரித்தான்.

'அரசு அங்கீகாரம் பெற்றது' என்ற வரியைச் சேர்க்கும்போது மட்டும் கேட்டேன், நிஜமா என்று.

"எல்லாம் வந்துடுச்சி. பேப்பர் கைக்கு வர்றதுதான் பாக்கி. என்னையே நம்ப மாட்டியா?"

நம்பினேன்.

இரண்டு வருடம் ஓடியது. எங்கள் கீழ்வீட்டு அக்கா ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறவர். அவர் மகள் நர்சிங் படிப்பது தெரியும். எங்கே என்று நான் கேட்டதில்லை. படிப்பு முடிந்து பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனவள், அழுதபடி திரும்பி வந்தாள். சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"இத எப்டிம்மா நம்புன?" என்றேன்.

போனை நீட்டினாள். "நாலஞ்சு சைட் பாத்தேண்ணா. மத்ததெல்லாம் கன்னாபின்னானு கலரு. இதான் நெஜ ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சி."

என்னுடைய நீலம்.

அவனுக்குப் போன் போட்டேன். அங்கீகாரத்துக்கு அவன் விண்ணப்பிக்கவே இல்லையாம். கொஞ்சமும் கூசாமல் பேசினான்.

"நான் இன்னா பண்ணேன்? கலரைப் பாத்துதான் ஜனம் நம்பும்னு நீதான மச்சான் சொன்ன? அப்ப அந்தப் பொண்ண ஏமாத்துனது யாரு?"

அவன் பொய் சொன்னதைவிட, என் வேலையைக் காட்டியே என் வாயை அடைத்ததுதான் அதிகம் வலித்தது. வெப்சைட் இன்னும் என் கணக்கில்தான் இருந்தது. அன்று மத்தியானமே அதை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கீழே போய், அதைச் செய்தது நான்தான் என்று தாய்க்கும் மகளுக்கும் சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய்யினு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியாதும்மா. பேப்பரைப் பாக்காம போட்டுட்டேன்."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் மூவருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது அவள் வேறு கல்லூரியில், முதலாம் ஆண்டிலிருந்து படிக்கிறாள். காலையில் படியிறங்கும்போது பார்த்தால் தலையசைப்பாள். அக்காதான் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.