எடுபிடிப் படகுக்குக் கதவு கிடையாது

1. சோக்கட்டிக் கோடு

பத்து நாளாக லேயர் லேயராக நான் ஒட்டி முடித்த படகு. அதன் சீட் மூன்றிலும் ரப்பர் தோட்டத்துச் சின்னதொரை சோக்கட்டியால் கட்டம் போட்டார். "இங்க வெட்டி சீட்டுக்கொரு கதவு வச்சுக் குடுங்க. உள்ள சும்மா காலியாத்தானே கெடக்கு? பால் வாளிய வச்சுப் பூட்டிடலாம்."

"காலி இல்லங்க தொரை. உள்ள ஃபோம் இருக்கு, காத்து இருக்கு. அத வெட்டுனா, தண்ணி ஏறுன நிமிஷமே படகு அடிக்குப் போயிடும்."

"ஆத்தக் கடக்க ஒரு சின்னப் படகு கேட்டா, நீங்க கப்பலா கட்டுறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் முதலாளி தலையைச் சொறிந்தார். "ஐயோ சரசு, கஸ்டமர் கேட்டா செஞ்சு குடேன். ஜிக்சோ வாள எடு."

அந்த ரப்பர் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் பால் வெட்டுகிறவள் என் தங்கச்சி செல்வி. தினமும் அந்தப் படகில் ஏறப்போகிறவள் அவள். அவளுக்கு நீந்தத் தெரியாது. "வெட்ட மாட்டேன்" என்றேன். ஜிக்சோவை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இரத்தினபுரியில் இந்த ஃபைபர் பட்டறைக்கு ரெசின் கலக்க வந்தவள் நான். இருபத்தாறு வருஷத்தில் எல்லோரும் 'பாஸ் அக்கா' என்று கூப்பிடும் இடத்துக்கு வந்திருக்கிறேன். என்னை மீறி அங்கே யாரும் வெட்ட மாட்டார்கள் என்பது முதலாளிக்கும் தெரியும்.

2. எடுபிடி படும் பாடு

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தத் தோட்டத்து ஆற்றில் பெரிய படகு ஒன்று கம்பிக்கயிற்றைப் பிடித்து அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வருகிறது. தண்ணீர் வற்றினால் பாறை தடுத்து, கரைக்கு வர முடியாமல் நடுவிலேயே நின்றுவிடும். வெள்ளம் வந்தால் கரையே இருக்காது. அப்போது கரைக்கும் பெரிய படகுக்கும் இடையில் ஆளை ஏற்றி இறக்கத்தான் இந்தச் சின்னது. நான் அதை எடுபிடிப் படகு என்பேன்.

பெரிய படகு பத்திரமாக நிற்கும். எடுபிடிதான் கல்லில் இழுபடும், பெரியதன் விலாவில் நாள் முழுக்க மோதும். ஒரே ஓரத்தில் நாலு பேர் ஒன்றாகக் காலை வைப்பார்கள். ஆகவே எடுபிடியைத்தான் கெட்டியாகக் கட்ட வேண்டும். சின்னதுதானே என்று இரண்டு லேயர் கண்ணாடிநார் மேட்டோடு முடிக்கிறவனைப் பட்டறைக்குள்ளேயே விடக் கூடாது.

அடியில், படகின் முதுகெலும்பான கீல் ஓடுகிற இடத்தில், மேட்டும் நெய்த நாரான ரோவிங்கும் மாற்றி மாற்றி ஏழு லேயர் போட்டேன். அதன் மேல் போல்ட் போட்ட அலுமினியப் பட்டை. கல்லில் தேய்ந்தால் பட்டையை மாற்றிக்கொள்ளலாம், படகுக்கு ஒன்றும் ஆகாது. முன்பக்கக் கயிற்று வளையத்துக்கு ஸ்குரூ கிடையாது. ஊடுருவிப் போகும் போல்ட், உள்ளே கையகலத் தகடு. ஸ்குரூ போட்ட வளையம் ஒன்று வெள்ளத்தில் பிடுங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டதும் நான்தான். விளிம்பு முழுக்கத் தடித்த ரப்பர். ரப்பர் தோட்டத்துப் படகுக்கு ரப்பரைக் கொழும்பிலிருந்து வாங்கினோம், அது வேறு கூத்து.

சீட் மூன்றும் எல்லாப் பக்கமும் மூடிய பெட்டிகள். இரண்டு விலாவையும் விரியாமல் பிடிப்பதும் அவைதான், தண்ணீர் நிறைந்தால் படகைத் தாங்குவதும் அவைதான்.

3. ஆற்றில்

"நீயே கொண்டு போய்க் குடு. அவங்க எடுக்கலன்னா, பட்டறைப் பக்கம் வராத" என்றார் முதலாளி. லொறியில் ஏறிப் போனேன்.

ஆற்றங்கரையில் கீழ்க்கணக்குப் பெண்கள் பால் வாளிகளோடு நின்றார்கள். பாலைக் கொடுக்கும் ஸ்டோர் அக்கரையில், பெரிய படகோ பாறை தடுத்து நடு ஆற்றில் நின்றது. சின்னதொரை படகைச் சுற்றி வந்தார். "கதவு எங்க?"

படகை ஆற்றில் தள்ளி, அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கிவிட்டு, வாளியால் தண்ணீரை மொண்டு உள்ளே ஊற்றினேன்.

"அக்கா, என்னக்கா செய்ற?" என்று செல்வி கத்தினாள்.

"ஏறுடி."

ஏறினாள். பின்னால் இன்னும் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தார்கள். இடுப்பு வரைக்கும் தண்ணீர். படகின் விளிம்பு ஆற்று மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஓர் அங்குலம் இறங்கவில்லை.

"சரி, பாத்தாச்சு. நல்ல படகுதான்" என்றார் சின்னதொரை. "நடு சீட்டுக்கு மட்டும் கதவு வச்சுக் கொண்டாங்க."

செல்விதான் பேசினாள். "கதவு வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க தொரை. அப்பத்தான் எந்திரிப்போம்."

"வாளியில பால் ஒறையுது!"

அது உண்மைதான். நேரத்துக்கு ஸ்டோருக்குப் போகாத பால் வாளியிலேயே கட்டியாகி, விலை குறைந்த ஒட்டுப்பாலோடு போய்ச் சேரும். நாலு வாளியும் வெயிலில் நின்றன.

"ஒறையட்டும். நாளைக்கு மரத்துல வேற பால் வரும். நாங்க முங்கிட்டா யாரு வருவா?"

பக்கத்தில் இருந்தவள் வெற்றிலைப் பையை நனையாமல் தூக்கிப் பிடித்து, நிதானமாக ஒரு வாய் போட்டாள். சின்னதொரை வாளிகளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், சிக்னல் இல்லை. கடைசியில் லொறி பொனட்டில் டெலிவரி தாளை வைத்து எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன். "சீட் மூன்றும் மூடியபடியே ஏற்கப்பட்டன. வெட்டக் கூடாது."

அதற்குள் இரண்டு வாளி உறைந்துவிட்டது. ஒன்று செல்வியுடையது. அவள் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவளுக்காகத்தான் அத்தனை சண்டையும் போட்டேன். ஆனால் படகில் ஏறப்போகிற அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சோக்கட்டிக் கோட்டை அன்றைக்கே அவள் அழித்திருப்பாள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: படகைக் கையெழுத்துப் போடுகிறவருக்கு முன்னால் சோதித்தால் போதாது, ஏறி உட்காருகிறவர்களோடு சோதிக்க வேண்டும். சீட்டுக்குக் கதவு கேட்டு இன்றைக்கும் ஆள் வருகிறார்கள். நான் மறுப்பதில்லை. "தாராளமா வெட்டுவோம். முதல்ல ஆத்துக்கு வாங்க, தண்ணிய நெரப்பி நீங்களே உக்காந்து காட்டுங்க" என்கிறேன்.

இதுவரை ஒருவரும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.