குடும்பப் பெயர் கேட்ட கட்டம்

அறுபதுகளின் கடைசியில், ஜெபத்தோடு பாடம் சொல்லும் இங்கிலாந்து விடுதிப் பள்ளிக்கு மகளை அனுப்புவதென்று முடிவுசெய்தேன். நான் இரும்புலியூரில் ஆசிரியை.

“பொம்பளப் பிள்ளைய கடல் தாண்டி அனுப்பணுமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் கணவர்.

“போடாதீங்க. நானே போட்டுக்கறேன்.”

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலாக நிற்கும் அப்பா பெயரைத்தான் எல்லோரும் அங்கே எழுதுவார்கள். இருந்த கோபத்தில் என் பெயரை எழுதி, தாம்பரம் தபாலாபீசில் சேர்த்துவிட்டேன்.

அவள் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதம்: “அம்மா, இங்க எல்லாரும் என்னை உன் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. காலை ஜெபத்துல வருகைப் பட்டியல்ல உன் பேரை வாசிச்சா நான் எழுந்து நிக்கறேன்.”

கணவர் அதை இரண்டு முறை படித்தார். “என் பேரைப் போட்டிருக்கலாமே?”

“கையெழுத்துப் போட்டிருந்தீங்கன்னா போட்டிருப்பேன்” என்றேன்.