பாட்டெழுதியவரின் பெயர்

மகளின் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்ட கையை முகர்ந்தபோது, எங்கள் ஊரான சுருவிலில் அப்பா வைத்திருந்த தையல்கடை நினைவுக்கு வந்தது. இப்போது அவ்விடத்தில் பற்றைக்காடுதான். போரினால் மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்நாட்களில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியை நான் கையால் சுற்றச் சுற்ற, டைனமோவின் தயவில் வானொலி பாடும். என் கை தளர்ந்தால் பாடகியின் குரலும் அமிழ்ந்துபோகும்.

அப்பாவும், கடலுக்குப் போய்வந்த கையோடு வரும் அவருடைய ஒரே கூட்டாளியான சூசை மாமாவும், ஒரு பழைய தாலாட்டுப் பாட்டுக்காகவே காத்திருப்பார்கள். அதை எழுதிய கவிஞர் யாரென்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை.

"உமக்கு ஊசியில நூல் கோக்கத்தான் தெரியும்" என்பார் மாமா.

"நீர் உம்மட மீனைப் பற்றிக் கதைச்சாப் போதும்" என்பார் அப்பா.

"நான் சொன்னது பிழையெண்டா இனி இந்தக் கடைவாசல் மிதிக்கமாட்டன்!" என்று மாமா ஒருநாள் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து, பாட்டு முடிந்து அறிவிப்பாளர் எப்போதாவது "பாடலை இயற்றியவர்" என்று தொடங்கினால், கை நோகிறதென்று பொய் சொல்லி மிதியை விட்டுவிடுவேன்.

நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, கைபேசியில் அந்தப் பாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். மெட்டுத்தான் முதலில் பிறந்ததாம். கவிஞர் தன் குழந்தையின் தொட்டிலருகே இருந்து வரிகளை எழுதினாராம். அவருடைய பெயர் இருவரும் சொன்ன பெயரல்ல.

வேலணையில் இருக்கும் அப்பாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, நான் அப்பவே பாட்டுப் புத்தகத்தில பாத்தனான்" என்றார். "சூசைக்குச் சொல்லிப்போடாதை. அந்தாள் இப்பவும் ஒவ்வொரு பின்னேரமும் இந்தச் சண்டைக்குத்தான் வரும்."