கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்னும் நோன்புக் காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை. நான்காம் வெள்ளி என்று சபையில் சிலர் இன்றும் சொல்கிறார்கள், தவறு. நான்காம் வெள்ளிக் கூட்டம் ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் நடந்தது. அதற்கு நாங்கள் போகவில்லை. போகாததன் காரணமே மூன்றாம் வெள்ளிதான்.

லெந்து தொடங்கும் சாம்பல் புதன் கழிந்ததும் வெள்ளிதோறும் ஒரு வீட்டில் கூடுவது சங்கரன்கோவிலில் எங்கள் சபையின் வழக்கம். பாட்டு, வேதவாசிப்பு, அப்புறம் ஒவ்வொருவராக அந்த வீட்டுக்காக ஜெபம், கடைசியில் சுண்டலும் டீயும். அந்த ஆண்டு என் மனைவிக்கு இரண்டாம் தடவையாகக் கரு கலைந்திருந்தது. நாலு பேர் வந்து ஜெபித்தால் வீடு கொஞ்சம் லேசாகும் என்று அவளேதான் கூட்டத்தைக் கேட்டு வாங்கினாள்.

பெண்கள் சங்கத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சபைக்கே டீச்சர். ஜெபத்தில் அவர் முறை வந்தபோது எங்கள் சம்பாத்தியத்தையும் சமையலறையையும் ஆசீர்வதிக்கக் கேட்டுவிட்டுக் குரலை இறக்கினார்.

"ஆண்டவரே, உம்முடைய பிள்ளை இரண்டு தரம் கர்ப்பத்தின் கனியை இழந்தாளே. இந்த வீட்டில் மறைந்திருக்கிற பாவம் உமக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தினதோ பிந்தினதோ, அதை அறிக்கைபண்ண அவளுக்குப் பெலன் தாரும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆமென் தும்மல் மாதிரி, தானாக வரும். மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னார். நான் கண்ணைத் திறந்தேன். என் மனைவி எனக்கு முன்பே திறந்திருந்தாள்.

இந்த ஜில்லாவின் பழைய மிஷன் குறிப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். சாராயம் குடித்தவனை, அம்மன் கோயில் கொடைக்குப் போனவனை, வயல் வரப்புக்காக அடித்துக்கொண்டவர்களை எல்லாம் சபை கண்டித்திருக்கிறது. ஜெபத்தில் பழி சொன்னவரைக் கண்டித்ததாக ஒரு வரி நான் பார்த்ததில்லை. குறுக்கே பேசினால் ஜெபத்தைக் கெடுத்த பாவம் நமக்கு வரும். அந்த மறைவில் நின்று, கடவுளையே கையாளாக வைத்துக்கொண்டு ஒருத்தியை அடிக்கிறார்கள். குடிகாரனின் ஏச்சு இதைவிடச் சுத்தமானது.

சுண்டல் கொடுக்கும்போது என் மனைவி கேட்டாள்.

"டீச்சர், எங்கிட்ட என்ன பாவத்தக் கண்டீங்க?"

"நான் ஆண்டவர்ட்டல்லா பேசுனேன் மக்கா. உங்கிட்டயா பேசுனேன்?"

"அவர்ட்டச் சொல்ல உங்க வீட்டுல இடம் இல்லையா? எங்க நடுவீட்டுல வந்து, இத்தன பேரு கேக்கணுமா?"

டீச்சர் அன்பினால்தான் சொன்னார் என்று இரண்டு மூன்று பேர் சமாதானம் பேசினார்கள். சுண்டல் பாதிக்கு மேல் மிஞ்சியது.

அதன்பின் அவள் ஆலயத்துக்கு வரவில்லை. அதையாவது பொறுக்கலாம். அவள் தேடத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, காலேஜில் படிக்கும்போது வீட்டில் பொய் சொல்லிவிட்டு டூர் போனேனே, அதுவாக இருக்குமோ என்று கேட்டாள். இன்னொரு நாள் வேறொன்று.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் காலையில் டீச்சர் வீட்டுக்கு வந்தார். மாலையில் ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து; மனஸ்தாபத்தோடு யாரும் பந்திக்கு வரக் கூடாது என்று குருவானவர் குருத்தோலை ஞாயிறன்று பிரசங்கித்திருந்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத மக்கா. வா, முழங்கால் போட்டு ஒரு ஜெபம் பண்ணிருவோம்."

"ஜெபம் வேண்டாம் டீச்சர். அன்னைக்குச் சொன்னது பொய்னு சொல்லுங்க. அது போதும். நான் தூங்கணும்."

மணிக்கணக்கில் தடையில்லாமல் ஜெபிக்கிற வாய் அது. அந்த ஒரு வார்த்தை அதிலிருந்து வரவில்லை. உனக்காகத்தானே பாரப்பட்டு ஜெபித்தேன் என்றார். மறுபடியும் ஜெபம் என்றார். என் மனைவி எழுந்துபோய் வாசற்கதவை முழுசாகத் திறந்து வைத்தாள்.

மாலை ஆராதனைக்கு நான் மட்டும் போனேன். அவள் இன்றுவரை வரவில்லை. பீடத்துக்கு முன்னால் முதல் வரிசையில் டீச்சர் முழங்காலிட்டுக் கையேந்தினார். அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் தனக்கே ஆக்கினையைப் புசிக்கிறான் என்ற வசனத்தை, தகுதியில்லாமல் அப்பம் வாங்குகிறவன் தண்டனையைத்தான் தின்கிறான் என்று பொருள் சொல்லி, ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்கு நெட்டுருப் போட வைத்தவர் அவர்தான். அப்பம் அவருடைய உள்ளங்கைக்கு வந்தது. சாப்பிடட்டும், அந்த ஆக்கினை அப்படியே அவர்மேல் வரட்டும் என்று நான் மனதார விரும்பினேன். எங்கள் வரிசை எழுந்தது. அந்த விருப்பத்தோடு கையேந்த முடியாமல் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.