அமோக்குக்கு முன்னால் வரும் மௌனம்

யுகேந்திரன் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக் காவலாளி. உடம்பு பெரியது, பயம் அதைவிடப் பெரியது. பூனை குறுக்கே ஓடினாலும் டார்ச் லைட்டைத்தான் ஆயுதமாகத் தூக்குவார்.

அன்று காலை மகள் சாந்தினி, பள்ளியில் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றிப் பேசவேண்டியதை அவரிடம் ஒத்திகை பார்த்தாள்.

"அமோக்னு இங்கிலீஷ்ல சொல்றாங்கல்ல, அது மலாய் 'அமுக்'தாம்பா. வெறி புடிச்சு வெட்டுறது. இப்ப பிள்ளைங்க கேக்கைக் கொட்டுனாக்கூட அமோக்ங்கிறாங்க."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்லல்ல?"

"பழைய காலத்துல அமுக் புடிச்ச ஆளு மொதல்ல பேசவே மாட்டானாம். சும்மா உக்காந்திருப்பானாம். பிறகுதான் எழுந்திரிப்பானாம்."

யுகேந்திரன் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

சாயங்காலம் ஐந்தாம் மாடி நூர்ஜான் போன் செய்தாள்.

"அண்ணே, பக்கத்து வீட்டு அர்ஜுனண்ணன் கதவத் தொறந்து போட்டுட்டு பாராங் கத்தியோட உக்காந்திருக்காரு! கத்தில செவப்பா என்னமோ! கூப்பிட்டா பேச்சே இல்ல லா!"

பேச்சே இல்லை. காலையில் மகள் சொன்னது யுகேந்திரனுக்கு நினைவு வந்தது. போலீசைக் கூப்பிடலாம். ஆனால் துப்பாக்கியைக் கண்டு அர்ஜுனன் கத்தியோடு எழுந்துவிட்டால்? பேக்டரி வேலை போன மனுஷனுக்கு உயிரும் போய்விடும். லிப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டபடி படியேறினார்.

கதவோரமாகச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் பதுங்கினார். அந்த உடம்புக்கு அலமாரி பாதிகூடப் போதவில்லை.

"அண்ணே... நான் யுகேன்."

கத்தியில் உண்மையாகவே சிவப்பு. அர்ஜுனன் மெதுவாக அதை எடுத்தார். யுகேந்திரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கத்தி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். செய்தித்தாளின்மேல் ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், பாராங். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"ஆயுத பூஜை தம்பி," என்றார் அர்ஜுனன், கரகரத்த குரலில். "மாக் மண்டின் பேக்டரில வருஷா வருஷம் மிஷினுக்குப் பொட்டு வைப்பேன். இப்ப மிஷின் இல்ல. மந்திரமும் தெரியாது. என்னா சொல்றதுன்னு தெரியாம உக்காந்துட்டேன்."

யுகேந்திரன் உள்ளே வந்தார். உட்கார்ந்தார். டார்ச் லைட்டை அந்த வரிசையில் கடைசியாக வைத்தார்.

"இது எதுக்குடா?"

"என் ஆயுதம்ணே. இன்னைக்குப் பூஜைங்கிறதையே மறந்துட்டேன்."

அர்ஜுனன் அதற்கும் பொட்டு வைத்தார்.

நூர்ஜான் கதவிடுக்கிலிருந்து கத்தினாள்: "போலீஸ் கூப்பிடவா?"

"வேணாம் லா! டீ போடுங்க, ரெண்டு கிளாஸ்!"